1:40 டைட்டனோபோவா மாடல்: நீளம் சரி, பருமன்தான் உதைக்கிறது

2009-ல் வெளியான கணக்குப்படி, அழிந்துபோன ராட்சதப் பாம்பான டைட்டனோபோவாவின் நீளம் சுமார் 12.8 மீட்டர், எடை 1,135 கிலோ. பெட்டியில் 1:40, அதாவது நிஜ அளவில் நாற்பதில் ஒரு பங்கு, என்று போட்டிருப்பதால் மாடல் 32 செ.மீ. இருக்க வேண்டும். சுருண்ட உடம்பை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. முதுகு வாக்கில் நூலை ஒட்டிப் பிடித்து, பிறகு அதை நீட்டி அளக்க வேண்டும். அந்தச் சோதனையில் இது தேறிவிடுகிறது.

பருமன் அப்படி இல்லை. பாம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். ஆகவே 1,135 லிட்டரை 40 × 40 × 40-ஆல் வகுத்தால் 18 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. அடித்தட்டைக் கழற்றிவிட்டு, விளிம்பு வரை நிரப்பிய பாத்திரத்தில் மாடலை முழுக்க அமிழ்த்தி, வழியும் தண்ணீரைச் சிரிஞ்சில் அளந்தால் 38 மி.லி. வருகிறது. நிஜத்தில் அது 2.4 டன் பாம்பு! 1,135 கிலோ எடையை 12.8 மீட்டருக்குப் பரப்பினால் சராசரி விட்டம் 34 செ.மீ.தான். நடு உடம்பு அதைவிடப் பெருத்திருக்கும் என்றாலும், படங்களில் காட்டும் ஒரு மீட்டர் தடிமனுக்கு இந்த எடை இடம் தராது.

தலையில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். நச்சுப்பல் வைக்கவில்லை. மேல்தாடையில் வெளி வரிசையோடு அண்ணத்திலும் பின்னோக்கி வளைந்த பற்கள் இருக்கின்றன. கழிவாய்க்கு இருபுறமும் போவா, மலைப்பாம்பு வகைகளில் காணப்படும் குட்டி நகமுள்கூட உண்டு. பெரிய கம்பெனி மாடல்களில்கூட இதை விட்டுவிடுவார்கள்.

அடித்தட்டில் புல் முளைத்திருப்பது தவறு. கொலம்பியாவின் செரெஹோன் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 6 கோடி ஆண்டு பழைய இலைப் படிவங்கள் பனை, அவரை, சேம்புக் குடும்பங்களைக் காட்டுகின்றன. சேம்பிலை போட்டிருந்தால் போதும்.

கூடவே வரும் தாள், அன்றைய ஆண்டுச் சராசரி வெப்பம் 30–34 டிகிரி என்று அடித்துச் சொல்கிறது. அது பாம்பின் அளவை வைத்துப் போட்ட கணக்கு: குளிர்ரத்தப் பிராணி இவ்வளவு வளர வேண்டுமானால் சுற்றுப்புறம் அந்த அளவு சூடாக இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். பெரிய உடம்பு தானே சூட்டைத் தேக்கிவைக்கும் என்று உடனே மறுப்பு வந்தது. அதே இடத்து இலைகள் 28 டிகிரிக்கு மேல் என்றும், மழை ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் என்றும் சொல்கின்றன. கட்ச் பகுதியின் பனந்த்ரோ சுரங்கத்தில் கிடைத்து 2024-ல் பெயரிடப்பட்ட இன்னொரு ராட்சதப் பாம்பான வாசுகி இன்டிகஸுக்கு 11 முதல் 15 மீட்டர் வரை மதிப்பிடுகிறார்கள். அதன் காலத்துக்குச் சொல்லப்படும் வெப்பம் சுமார் 28 டிகிரி. பாம்பை மட்டும் நம்பி வெப்பநிலையைச் சொல்லக்கூடாது. தாளில் இந்த விவாதத்துக்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

வால் மெல்லிய பிவிசி என்பதால் வெயிலில் துவளும். கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நிற்கும். வளைவுகளில் பெயிண்ட் உரியும் என்பதால் அடிக்கடி செய்ய வேண்டாம்.