கையால் தைத்த பாஜு குரோங்: ஜப்பான் காட்டன், 2017 முதல்

பள்ளிக்கு உடுத்துவதற்கென்றே என் அலமாரியில் பாஜு குரோங் வரிசையாகத் தொங்குகிறது; தளர்ந்த நீளச் சட்டையும் நீளப் பாவாடையும் சேர்ந்த மலாய்ப் பெண்கள் உடை அது. பெரும்பாலும் ஆயத்த உடை, மெஷின் தையல். ஒன்றே ஒன்று மட்டும் கழுத்திலிருந்து கால் ஓரம் வரை கைத்தையல். 2017-இல் தைத்தது, இன்னும் நன்றாக உழைக்கிறது. "இவ்வளவு காசு போட்டுக் கையால் தைக்கத்தான் வேண்டுமா?" என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டும்தான், ஆனால் உடை முழுவதும் வேண்டாம் என்பது இத்தனை வருடம் உடுத்திய பிறகு என் முடிவு.

முதலில் துணி. கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் போனால் ஜப்பான் காட்டன், இங்கிலீஷ் காட்டன் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அந்த நாட்டிலிருந்து வந்தது என்று நம்ப வேண்டாம். கரையை விரித்துப் பாருங்கள். நல்ல இறக்குமதித் துணியில் பெரும்பாலும் தயாரித்தவர் பெயர் அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே, பயன்படுத்திய நிறத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்களும் இருக்கும். நான் எடுத்தது கருநீலத்தில் பொடி வெள்ளைப் பூ. 45 அங்குல அகலம், அதனால் 4 மீட்டர். 60 அங்குலமாக இருந்தால் 3 மீட்டரில் முடிந்திருக்கும். மீட்டருக்கு 28 வெள்ளி (ரிங்கிட்), தையல் கூலி 180 வெள்ளி. மெஷினில் தைத்திருந்தால் கூலி பாதிதான்.

பொடிப் பூ எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய முறைப் பாஜு குரோங் உடம்புக்கேற்ற வளைவாக வெட்டப்படுவதில்லை. முன்னும் பின்னும் தோளில் மடிந்து இறங்கும் ஒரே நீளத் துண்டு. அதன் இரு பக்கமும் கீழே அகன்று வரும் 'பெசாக்' துண்டுகள். அக்குளில் 'கெக்கெக்' என்ற சிறு சதுரம். இத்தனை துண்டாகப் பிரியும்போது பெரிய பூ எங்காவது பாதியில் அறுபடும். தையலில் பூவைப் பொருத்தப் பார்த்தால் துணி கூடுதலாகத் தின்னும். இறைத்துவிட்டாற்போல் எல்லாப் பக்கமும் பார்த்திருக்கும் சின்னப் பூவுக்கு இந்தக் கவலையே இல்லை. கரையில் பெரிய பார்டர் ஓடும் துணியைத் தையல்காரரிடம் நீட்டினால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

இந்த உடையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கெக்கெக்தான். வெண்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறாது, அக்குளில் இறுக்காது. என் 'குரோங் மோடன்' உடைகளில் இது கிடையாது. அவை இடுப்பைப் பிடித்து, முதுகில் ஜிப் வைத்து, சாதாரணச் சட்டைபோல் கை இணைத்தவை. பார்க்க ஒல்லியாகக் காட்டும், சரி. கையைத் தூக்கினால் உடை முழுவதும் கூடவே வரும். நாளெல்லாம் நின்று எழுதுகிறவர்களுக்குப் பழைய வெட்டுதான்.

இப்போது கைத்தையல். கழுத்து ஓரத்தில் 'துலாங் பெலுட்' தையல் போட்டிருக்கிறது. நெருக்கமாக, கயிறு முறுக்கியதுபோல் ஓடும் அந்தத் தையல் அழகுக்கு மட்டுமல்ல. தலைவழியாக மாட்டும் உடையில் ஒவ்வொரு முறையும் இழுபடுவது கழுத்துதான். என்னுடையது இன்றுவரை தொளதொளத்துப் போகவில்லை. ஒரே விலையில் வாங்கிய ஆயத்த உடைகளில் கழுத்துப் பட்டிதான் முதலில் சுருண்டது. கீழ் ஓரத்துக்கும் கை ஓரத்துக்கும் போட்ட 'செம்பாட்' தையலும் அப்படியே. வெளியே நூல் தெரியாது, துணி விறைக்காமல் விழும்.

நீளமான பக்கத் தையல்கள் வேறு கதை. அங்கே கைத்தையலால் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை. சொல்லப்போனால் முதலில் விட்டுப்போனதே அக்குள் பக்கம்தான். வியர்வையும் இழுப்பும் சேரும் இடம், பருத்தி நூல் தாங்கவில்லை. தைத்துக் கொடுத்த மாக்சிக்கிடமே (வயதில் மூத்த மலாய்ப் பெண்களை அழைக்கும் சொல்) கொண்டுபோனேன். பாலியஸ்டர் நூலில் பின்தையல் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தொந்தரவில்லை. அவரே சொன்னார், "இந்த இடத்துக்கு மெஷினே போதும், நீ முழுக்கக் கையால் கேட்டாய், தைத்தேன்" என்று.

துணியை வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். அந்தச் சுருக்கம் தைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டதால் நீளம் இன்றும் அதே நீளம். சாயம் மட்டும் தோளில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, கொடியில் வெயில் படும் இடம். உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக் காயவைத்தால் பெருமளவு தப்பிக்கலாம். உள்துணி போடவில்லை, இந்தப் புழுக்கத்துக்கு அதுவே நல்லது.

குறை என்றால் இஸ்திரி. சட்டை பரவாயில்லை. கீழே உடுத்தும் 'காயின்' என்ற பாவாடைப் பகுதியில் ஒரு பக்கமாக அடுக்கும் 'ஓம்பாக் மாயாங்' மடிப்புகளை ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் விரலால் பிடித்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். காலை நேர அவசரத்தில் நடக்காது, முந்தின இரவே முடித்துவிட வேண்டும். ஆனால் இடுப்பை இழுத்து முடிந்துகொள்ளும் காயின் என்பதால் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. ஜிப் வைத்த காயின்கள் எனக்கு வரிசையாகச் சின்னதாகிப்போனபோது இது மட்டும் கூடவே இருந்தது. உள்பக்கம் ஒரு பை வைக்கச் சொல்லியிருந்தேன், மார்க்கரும் கைப்பேசியும் அதில்தான். பை இல்லாத பாஜு குரோங்கை எந்தப் பெண்ணும் கேட்டு வாங்கியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மட்டும் இதற்கு விடுமுறை. அன்று அரசு ஊழியர்கள் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய பூவேலைத் துணி) உடுத்தும் வழக்கம். ஜப்பான் பூ அங்கே செல்லாது.

அடுத்ததைத் தைக்கும்போது கழுத்தும் ஓரங்களும் கையால், மற்றதெல்லாம் மெஷினில் என்று சொல்லப் போகிறேன். கெக்கெக் கட்டாயம். நோன்புப் பெருநாள் நெருங்கினால் நல்ல தையல்காரர் யாரும் புது வேலை எடுப்பதில்லை, வரிசை எப்போதோ நிரம்பியிருக்கும். பெருநாள் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத் துணியோடு போனால் கூலியும் நிதானமாகப் பேசலாம், தையலும் நிதானமாக நடக்கும்.