பஞ்சு தின்ற கம்ப்யூட்டரும் சோமனூர் மாடிக்கடையும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சோமனூர் கடைவீதியில் ஒரு நூல் கடைக்கு மேலே இரும்புப் படி ஏறிப் போனால், கதவில் பெயிண்டால் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். மொத்தம் பதினேழு படிகள். கம்ப்யூட்டர் பெட்டியை, கேபினட் என்பார்கள், இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியவள் நான், எண்ணிக்கை தப்பாது.

எங்கள் வீட்டில் எட்டுத் தறிகள் ஓடுகின்றன, கூலிக்கு நெய்கிறோம். தறிக்குடோனுக்கும் கணக்கு அறைக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் கதவு இல்லாத ஒரு வாசல். பாவு (தறியில் நெடுக்காக ஓடும் நூல்) வந்த தேதி, நெய்து இறங்கிய மீட்டர், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் அந்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான். 2016-இல் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், கம்ப்யூட்டர் என் தலையில் விழுந்தது. இயக்கத் தெரியும், பராமரிக்கத் தெரியாது. பராமரிக்க வேண்டிய பொருள் என்றே நினைத்ததில்லை.

போன ஆயுத பூஜைக்குத் தறிகளை நிறுத்தித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். தறிச் சத்தம் இல்லாத அந்த அமைதியில்தான் கேட்டது, கேபினட்டுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக அலறியதோ, எட்டுத் தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அடுத்த வாரம், போட்ட இருபது நிமிடத்தில் தானாக அணைய ஆரம்பித்தது.

முதலில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குத்தான் கொண்டுபோனோம். ஏசி அறை, டோக்கன், நாற்காலி எல்லாம் உண்டு. கேபினட்டை உள்ளே எடுத்துப் போனவர்கள் அரை மணி நேரம் கழித்து வந்து, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை) போய்விட்டது, 8,500 ரூபாய் ஆகும் என்றார்கள். பார்த்ததற்கு 400 ரூபாய் தனி. எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டுக்காரர் பணம் எடுக்கப் போனார். நான்தான் தடுத்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

சோமனூர்க் கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கேபினட்டை வாங்கி உள்ளே கொண்டுபோகவில்லை, என் முன்னாலேயே பக்கத் தகட்டைக் கழற்றினார். “அக்கா, நீங்களே பாருங்கள்” என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேல் இருக்கும் காற்றாடியை எடுத்தார். அதன் அடியில் அலுமினியப் பட்டைகளாக ஒன்று இருக்கிறது, ஹீட் சிங்க் என்கிறார்கள். பட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. விரல் தடிமனுக்குப் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு மாதிரி இறுகிப் போயிருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், முழுதாக உரிந்து வந்தது. எங்கள் குடோன் பஞ்சுதான். ஓரத்தில் போன மாதம் ஓட்டிய நீல நூலின் நிறம்கூடத் தெரிந்தது.

பிராசசரின் சூட்டை அந்தப் பட்டைகள் வாங்கிக்கொள்ள வேண்டும், காற்றாடி அதை ஊதி வெளியே தள்ள வேண்டும். பஞ்சு அடைத்துக்கொண்டால் சூடு போக வழியில்லை. முதலில் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நமக்கு மந்தமாகத் தெரியும், பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சூடு நூறு டிகிரியை ஒட்டிப் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். என்னுடையது செய்தது அதைத்தான். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தெர்மல் பேஸ்ட் என்று ஒரு பசை பூசியிருக்கும். காய்ந்து போயிருந்த பழையதைத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிது வைத்தார். மெமரி (ரேம்) அட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்தார். நான் சிரித்துவிட்டேன். “சிரிக்காதீர்கள் அக்கா, பாதிக் கம்ப்யூட்டர் இதில்தான் பிழைக்கிறது” என்றார்.

அடுத்தது கடிகாரம். சில மாதங்களாகவே கம்ப்யூட்டர் போட்டால் தேதி 2015 ஜனவரி 1 என்று வரும். நான் கண்டுகொள்ளவில்லை, சுவரில்தான் காலண்டர் தொங்குகிறதே. ஆனால் ஜிஎஸ்டி தளம் அடிக்கடி ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று திறக்க மறுத்தது. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது இன்டர்நெட் கொடுத்தவரைக் கூப்பிட்டு இரண்டு முறை திட்டியிருக்கிறேன். அவர் மேல் தப்பே இல்லை. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் தொடக்க தேதி, முடிவு தேதி உண்டு. கம்ப்யூட்டர் 2015-இல் உட்கார்ந்திருந்தால் எல்லாச் சான்றும் இன்னும் பிறக்காத குழந்தைகள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது, சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் தளம் திறந்தது. முப்பது ரூபாய்.

சுத்தம் செய்ய 350, பேஸ்ட்டுக்கு 80, பேட்டரிக்கு 30. கூடவே பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டேன். இது அவர் வற்புறுத்தியதல்ல, கேட்டதற்குச் சொன்னார். அதற்கு 1,900. முன்பு கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவேன். இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. பழைய டிஸ்க்கை, வெளியிலிருந்து வயரில் செருகும்படி ஓர் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை கணக்கை அதில் பதிவு செய்து, உடனே கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுத்துவிடுமாம். வயதான டிஸ்க் என்பதால் அதை மட்டும் நம்பாமல் பென்டிரைவிலும் ஒரு பிரதி. வைரஸ் தடுப்புக்குப் பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், விண்டோஸோடு வருவதே போதும் என்றார். விற்கும் கடைக்காரர் இப்படிச் சொல்வது எனக்குப் புதிது.

வீட்டில் நானே செய்வதற்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இந்தக் கடையின் அருமை. வயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்த வேண்டும், மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினட்டின் இரும்பைத் தொட வேண்டும். கேபினட்டை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சிறிய பிளோயரால் விட்டு விட்டு ஊத வேண்டும், அப்போது காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். குடோனில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். “அண்ணா, அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்” என்று அவர் பதறியதைப் பார்க்க வேண்டும். கரண்ட் வாங்கித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.

இதில் என் மாமியாருக்கும் ஒரு பங்கு உண்டு. தூசி படியக் கூடாது என்று பூவேலை செய்த துணி ஒன்றைக் கேபினட் மேல் போர்த்தியிருந்தார், ஓடும்போதும் எடுப்பதில்லை. காற்று போகும் ஓட்டைகளை அடைத்ததே அதுதான். இப்போது அணைத்து ஆறிய பிறகே துணி. கேபினட்டைத் தரையிலிருந்து எடுத்து முக்காலியில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். வாரந்தோறும் தறிக்கு எண்ணெய் விடுகிறோம், பஞ்சு தட்டுகிறோம், ஒரு வாரம் தப்பினால் வீட்டுக்காரர் ஊரைக் கூட்டுவார். ஒன்பது வருடத்தில் கணக்கறைப் பக்கம் ஒரு துடைப்பம்கூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதச் சொன்னார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு அடிக்கும்போது மாதம் ஒருமுறை என்று நானே வைத்துக்கொண்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் சனிக்கிழமைதான் தந்தார், நடுவில் போனை எடுக்கவில்லை. பில் கேட்டால்தான் எழுதுகிறார், அதுவும் நோட்டுத் தாளில். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அவ்வளவு பேசியவர், கரண்ட் போனால் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் தாங்கும் யுபிஎஸ் பெட்டி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வீடு திரும்பிய ஒரே மாதத்தில் கரண்ட் போனபோது யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் வரும் என்பதை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைக்காரரிடம் சண்டை போட்டேன். “அதைக் கொண்டு வரவில்லையே அக்கா” என்கிறார். அதுவும் நியாயம்தான், இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

என் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்துவிட்டது. என் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்படி பதிந்து கொடுத்து, அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். கூலி உயர்ந்தால் பார்க்கலாம்.

போவதானால் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள், அதற்கு முன் திறப்பதில்லை. கேபினட்டை என்னைப் போலச் சுமந்துகொண்டு ஏறாதீர்கள். கீழே நூல் கடையில் இருக்கும் பையனிடம் சொன்னால் தூக்கித் தருவான், டீக்கு இருபது ரூபாய் கொடுத்தால் போதும். இரண்டாவது முறை போனபோதுதான் எனக்கே தெரிந்தது.