வலப்பக்கம் சரியும் சேணம்: ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையோடு ஒரு ஜம்பிங் சேண அனுபவம்

கிண்டியில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அதற்கு நான் வைத்திருக்கும் அதே வகை ஜம்பிங் சேணத்தை, அதாவது தடை தாண்டுவதற்கான சேணத்தை, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். குதிரையின் முதுகில் படியும் அடிமெத்தைகளான பேனல்களில் கம்பளியை மறுபடி நிரப்புவதற்காக அனுப்பியிருந்த அந்தச் சேணம் சென்ற வாரம்தான் திரும்பி வந்தது என்பதால், அவருக்கு எழுதும் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கக்கூடும். 17.5 அங்குல இருக்கை, கால் படியும் இடத்தில் முன்நோக்கி வெட்டிய மடல், சேணத்தின் முன்பக்க அகலத்தை முடிவு செய்யும், மாற்றக்கூடிய கல்லட் தகடு, கம்பளி அடைத்த பேனல் ஆகிய விவரங்களை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் ஏறிய பிறகு எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எரிச்சலைப் பற்றியது: இந்தச் சேணம் வலப்பக்கம் சரிகிறது.

முதலில் குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேணத்தைத் தனியாக வைத்து நல்லது கெட்டது சொல்வதில் பொருளே இல்லை. கழுத்து முதுகைச் சந்திக்கும் இடத்தில் எழும் எலும்பு மேட்டை, லாயத்தில் நாம் விதர்ஸ் என்று சொல்வதை, பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற என் குதிரைக்கும் இயற்கை தாராளமாகவே கொடுத்திருக்கிறது. அந்த மேடு உயர்ந்து பின்னோக்கி நீள்கிறது. அதன் இருபுறமும், தோள்பட்டை எலும்புக்குச் சற்றுப் பின்னால், கை வைத்தால் உள்ளங்கை அமிழும் அளவுக்குப் பள்ளம். அதைத் தாண்டினால் விலாப்பகுதி திடீரென்று அகன்றுவிடுகிறது. பந்தயத்தில் சில நூறு கிராம் எடையே உள்ள சேணத்தைப் போட்டுக்கொண்டு, ஜாக்கி முதுகில் உட்காராமல் குனிந்து நிற்க ஓடிய குதிரைக்கு, ஒரு மனிதரை உட்கார வைத்துச் சுமக்கும் மேல்முதுகுத் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. விதர்ஸுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று சேணத்தின் உள்ளே எலும்புக்கூடு போல் இருக்கும் சட்டத்தைக் குறுகியதாக எடுத்தால் அதன் முனைகள் இருபுறமும் தோளுக்குப் பின்னால் குத்தும். அகன்றதை எடுத்தால் முன்பக்கம் பள்ளத்தில் இறங்கி எலும்பின் மேலேயே உட்காரும். குறுகிய சேணத்துக்கு அடியில் தடித்த பேடு போடுவது, இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைப் போடுவதற்குச் சமம் என்பதைப் பலருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்தச் சிக்கலுக்கு இந்தச் சேணம் தந்த விடை உண்மையிலேயே நல்ல விடை. முன்பக்கப் பேனல் கீழ்நோக்கி நீண்டு அந்தப் பள்ளத்தை நிரப்பும்படி வெட்டப்பட்டிருப்பதால், சேணத்துணி இல்லாமல் வைத்துப் பார்த்தாலும் மேட்டுக்கு மேலே மூன்று விரல் நுழைகிறது. நான் ஏறி, கால் வைக்கும் வளையமான அங்கவடியில் நின்ற பிறகும் இரண்டு விரல் நுழைகிறது. நடுவில் உள்ள கால்வாய் முன்னிருந்து பின்வரை முதுகெலும்பைத் தொடாத அகலத்தில் செல்கிறது, பேனலின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டவில்லை. இவற்றை அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். நான் எதிர்பார்க்காதது, வயிற்றுவாரை இறுக்கும்போது காதை மடித்துப் பல்லைக் காட்டி குதிரையைப் பராமரிக்கும் எங்கள் சைஸ் அண்ணனைக் கடிக்கப் போகும் என் குதிரையின் பழக்கம், புதுச் சேணம் வந்த சில வாரங்களில் அடங்கிவிட்டதுதான். தடைக்கு முன்னால் கடைசி எட்டில் தயங்கி, முதுகை இறுக்கிக்கொண்டு தட்டையாகத் தாவிக்கொண்டிருந்தவன், இப்போது விதர்ஸை உயர்த்தி முதுகை வளைத்துத் தாண்டுகிறான். அவனுக்கு நான் பயிற்சியில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

இவ்வளவு நல்லதைச் செய்யும் ஒரு பொருள்தான், வட்டத்தில் சில சுற்று ஓடியதும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. வலது அங்கவடி நீளமாகிவிட்டது போன்ற உணர்வு முதலில் வருகிறது. இடது காலை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த திருப்பத்தில் மறுபடி போகிறது. இறங்கிப் பின்னால் நின்று பார்த்தால், இருக்கையின் நடுக்கோடு முதுகெலும்புக்கு வெளியே கிடப்பது கண்ணுக்கே தெரியும். இதைச் சேணத்தின் குறை என்று சொல்வதற்கு முன்னால் கால்நடை மருத்துவரை அழைத்தேன், நண்பரும் அதையே செய்ய வேண்டும் என்பேன். பிரிட்டனில் லினே கிரேவ், சூ டைசன் ஆகிய இரு கால்நடை மருத்துவர்கள் செய்த ஆய்வுகள், சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிவதற்குப் பின்னங்காலின் நொண்டல் முக்கியமான ஒரு காரணம் என்று காட்டின. வலி உள்ள காலை மரத்துப்போகச் செய்ததும் பெரும்பாலான குதிரைகளில் சரிவு நின்றுவிட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாத நொண்டலையும் சேணம் காட்டிக்கொடுக்கும் என்பது அதன் பொருள். எங்கள் மருத்துவர் நேர்கோட்டிலும் வட்டத்திலும் ஓடவிட்டு, மூட்டுகளை மடக்கிச் சோதித்து, கால்களில் குறையில்லை என்றார்.

மிஞ்சியது தோள். பல குதிரைகளைப் போலவே இவனுக்கும் இடது தோள் வலதைவிடப் பருமன். ஒவ்வொரு எட்டிலும் பின்னோக்கிச் சுழலும் இடது தோள்பட்டை எலும்பு சேணத்தின் இடப்பக்கத்தைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட சேணம் இடம் கிடைக்கும் வலப்பக்கம் போகிறது. இதற்கான முறை தெரிந்ததுதான்: சட்டத்தின் அகலத்தைப் பெரிய தோளுக்கு ஏற்ப வைத்து, சிறிய தோளின் பக்கத்தில் பேனலை நிரப்பியோ சேணத்துக்கு அடியில் போடும் சிறு மெத்தையான ஹாஃப் பேடில் ஷிம் என்ற மெல்லிய துண்டு ஒன்றைச் செருகியோ சமன்செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் நிற்கவும் நிற்கிறது, ஆனால் சில வாரங்களுக்குத்தான். தடை தாண்டும் இருக்கையில் நம் எடை முழுவதும் அங்கவடி வழியாக, அது தொங்கும் இரும்புக் கொண்டியில் இறங்குகிறது. அந்தக் கொண்டிக்கு நேர் கீழே இருப்பது, என் குதிரையின் பள்ளமும் அதை நிரப்பும் கம்பளியும்தான். ஆகவே எந்த இடத்தில் கம்பளி உறுதியாக நிற்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் முதலில் அமுங்குகிறது. தட்டையான தரையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு விரைவில் வராது.

புதுக் கம்பளி முதல் சில மாதங்களில் அமுங்கித்தான் தீரும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை ஒருவர் வந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. லாயத்துக்கு வந்து குதிரையின் முதுகைப் பார்த்து, அங்கேயே பேனலைப் பிரித்து நிரப்பும் சேண வினைஞர் பக்கத்தில் இருக்கும் நாடுகளுக்காக எழுதப்பட்ட நடைமுறை அது. நான் சேணத்தைப் பொட்டலம் கட்டி வேறு ஊருக்கு அனுப்புகிறேன். தோளின் பின்னாலிருந்து வளையும் அளவுகோலை வைத்து எடுத்த வரைகோடுகளையும், பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்த படங்களையும் சேர்த்தே அனுப்பினேன். வலப்பக்கம் முன்பகுதியில் மட்டும் கொஞ்சம் நிரப்புங்கள் என்று எழுதிய தாளை அவர்கள் படித்தார்களா என்பதே ஐயம்: இருபக்கமும் சமமாக, கல்லைப் போல் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குதிரையைப் பார்க்காமல் இந்த வேலையைச் சரியாகச் செய்வது கடினம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் தாளில் மூன்று வரிதான் இருந்தது. இதோடு சென்னையின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோலில் பூஞ்சை படர்கிறது, வியர்வையை உறிஞ்சிய கம்பளி கட்டிகட்டியாகத் திரள்கிறது, எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகப் பூசிவிட்டால் வார்கள் நீண்டுவிடுகின்றன. இடப்பக்கத்திலிருந்தே எப்போதும் இறுக்குவதால் இடது வார்கள்தான் முதலில் நீளும் என்பதையும், தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து ஏறினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும் என்பதையும் நண்பர் நினைவில் வைக்கட்டும். ஏறுவதற்கு ஒரு மேடை செய்துகொள்வது பெரிய செலவில்லை.

மாற்று என்ன என்றால், பஞ்சு நுரைப் பேனல் கம்பளியைப் போல விரைவில் அமுங்காது, ஆனால் குதிரையின் முதுகு மாறினால் அதை மாற்றவும் முடியாது. பந்தயத்திலிருந்து வந்த குதிரையின் முதுகு முதல் ஓராண்டில் கண்டிப்பாக மாறும். கான்பூரில் தைக்கப்படும் சேணங்களில் விலைக்கு மேல் மதிப்புள்ளவற்றை நான் பார்த்திருக்கிறேன், நண்பரும் பார்க்க வேண்டும், ஆனால் இவ்வளவு உயர்ந்த விதர்ஸுக்கு ஏற்ற பேனலை அவற்றில் தேடிப்பிடிக்கப் பொறுமை வேண்டும். வின்டெக் நிறுவனம் செய்வது போன்ற, காற்று அடைத்த பேனல் உள்ள சேணங்களில் திருகாணியைக் கழற்றிக் கல்லட்டை நாமே மாற்றலாம்; மஞ்சள் குறுகியது, கருப்பு நடுத்தரம், சிவப்பு அகலம் என்று நிறத்திலேயே அளவு தெரிந்துவிடும். உள்ளே செருகும் சிறு ஆப்புகளால் பக்கத்துக்குப் பக்கம் வேறுபாட்டையும் ஓரளவு சரிக்கட்டலாம். செயற்கைத் தோல் என்பதால் பூஞ்சைக்கும் பயமில்லை. அழகில் என் சேணத்தின் பக்கத்தில் நிற்காது, என் குதிரையின் பள்ளத்தில் இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தவும் பொருந்தாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். முதல் ஓராண்டுக்கு, நீங்களே கழற்றி மாட்டக்கூடிய ஒன்றை, இப்போது தேவையானதைவிட ஒரு படி அகலமாக எடுத்து, ஷிம் வைத்த ஹாஃப் பேடால் முன்பக்கத்தைத் தாங்குங்கள். முதுகு நிரம்ப நிரம்ப ஷிம்மை எடுத்துவிடலாம். வியர்வைத் தடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் ஈரத்துக்கு நடுவே உள்ள காய்ந்த திட்டு மிகையான அழுத்தத்தாலும் வரும், பேனல் தொடாமலே இருப்பதாலும் வரும்.

கடிதத்தின் கடைசி வரியில், அப்படியென்றால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்றும் கேட்டிருந்தார். இல்லை. வலப்பக்கக் கம்பளியைச் சரிசெய்து தரச் சொல்லி நாளை அதே கடைக்கு மறுபடி அனுப்புகிறேன், இந்த முறை தாளில் ஒரே வரி.