அத்தையை நகர்த்தித் தருவதாகச் சொன்ன ஸ்டூடியோ: ஓர் எச்சரிக்கை

குடும்ப விசேஷத்தில் எடுத்த குரூப் ஃபோட்டோவில் ஓர் ஆளை இங்கிருந்து அங்கே மாற்றித் தரும்படி ஸ்டூடியோவில் கேட்க எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் போனது 3,500 ரூபாய். அதோடு, திரும்ப எடுக்கவே முடியாத ஒரு படமும் போயிற்று.

சென்ற தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கலியாணம் நடந்தது. அபிராமி சந்நிதியில் எல்லாம் முடிந்த பிறகு, நாங்கள் தங்கியிருந்த சிறிய மண்டபத்தில் இருபத்து நான்கு பேராக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அப்பாவும் அம்மாவும் நடுவில் நாற்காலியில் இருந்தார்கள். அப்பாவின் ஒரே அக்காள், எங்கள் அத்தை, கணவரை இழந்தவர். யாரும் சொல்லாமலே தானாக ஒதுங்கி வலது கோடியில், தூணில் கட்டியிருந்த வாழை மரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அன்றைய சந்தடியில் எவருக்கும் அது கண்ணில் படவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதுதான் அப்பா பார்த்தார். “அக்கா ஏன்டா அங்க நிக்குது? எம் பக்கத்துல கொண்டாரச் சொல்லு” என்றார். அவர் என்னிடம் எதையும் அதிகம் கேட்பவர் அல்லர் என்பதால், மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

விசேஷத்துக்குப் படம் எடுத்ததும் அதே ஸ்டூடியோதான். உரிமையாளர் கணினித் திரையில் படத்தை ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பிக்சல் பிக்சலா கையாலயே பண்ணணும் சார், ஒரு வாரம் ஆகும்” என்றார். பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அச்சும் ஃபிரேமும் சேர்த்து 3,500 ரூபாய் என்று பேசி, 2,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். என்ன வேலை, எந்தப் படம், அசல் யாரிடம் இருக்கும் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் மூன்று வாரமானது. கடைசியில், கட்டி ஒட்டிய பொட்டலத்தைக் கையில் கொடுத்து, மீதிப் பணத்தை வாங்கிய பிறகே பிரிக்கவிட்டார்கள்.

அத்தை அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய புடவை, நாற்காலிக்குப் பின்னால் மறைவதற்குப் பதிலாக, அப்பாவின் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தில் பாதியை விழுங்கியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் இடப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ, அத்தைக்கு மட்டும் வலப் பக்கக் கன்னம் மின்னியது. ஒல்லியான அத்தை அம்மாவைவிட அகலமாகத் தெரிந்தார். அவர் விட்டுவந்த இடத்தில் வாழை மரம் இரண்டாகி, இரண்டிலும் ஒரே இலை ஒரே இடத்தில் கிழிந்து தொங்கியது. அன்று அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளின் கை மணிக்கட்டோடு முடிந்து, வாழைத் தண்டில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தையின் மோவாயிலிருந்த மச்சம் காணாமற்போய், விபூதி மட்டும் இட்டிருந்த நெற்றியில் யாரும் கேட்காத ஒரு சிவப்புப் பொட்டு முளைத்திருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை, தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் என் மைத்துனர்தான் விளக்கினார். படத்திலுள்ளதை இடம் மாற்றுவது புதிய வித்தையன்று. நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1982 பிப்ரவரியில், அகலமான ஒரு படத்தை நீளவாக்கு அட்டையில் பொருத்துவதற்காகக் கீசா பிரமிடுகளையே கணினியில் நெருக்கி வைத்து, பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. அன்று அதற்கு விலையுயர்ந்த தனி இயந்திரம் வேண்டியிருந்தது. 2012இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்6 என்ற படத் திருத்த மென்பொருளில் ‘கன்டென்ட் அவேர் மூவ்’ என்ற கருவி வந்த பிறகு, பொருளைச் சுற்றிக் கோடு போட்டு இழுத்து விட்டால், காலியான இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்து மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது. கடற்கரை மணலில் கிடக்கும் படகையோ, வெறும் வானத்தில் பறக்கும் பட்டத்தையோ நகர்த்துவதற்கு இது மிக நல்ல கருவி என்பதை நானே பிறகு செய்துபார்த்து அறிந்தேன். நெருக்கமாக நிற்கும் இருபத்து நான்கு பேருக்கு நடுவே இது எடுபடாது.

ஓர் ஆளை நகர்த்துவது என்பது ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டு வேலை. அவர் விட்டுப்போன பள்ளத்தைப் பழுதில்லாமல் அடைக்க வேண்டும். போய் நிற்கும் இடத்தின் வெளிச்சம், நிழல், உயரம், முன்னால் இருப்பவற்றின் விளிம்பு ஆகியவற்றுக்கு அவரைப் பொருத்தவும் வேண்டும். அத்தை பருத்துத் தெரிந்ததற்குக் காரணம்கூட எளிமையானது. மண்டபம் சிறியது என்பதால் அகலக் கோண லென்ஸில் எடுத்திருந்தார்கள். அந்த லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். ஓரத்தில் இருக்கும்வரை கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது, நடுவில் கொண்டுவந்து வைத்ததும் பொறுப்பதில்லை. தெரிந்தவர் முதலில் அகலத்தைக் குறைத்துவிட்டுத்தான் நகர்த்துவார். ஆளையும் பின்னணியையும் நாற்காலியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனி லேயர்களில் வைத்துக் கையால் செய்தால் முழுதாக ஒரு நாள் பிடிக்கும் என்றும், அந்த உழைப்புக்கு 3,500 ரூபாய் அதிகமே அல்ல என்றும் மைத்துனர் சொன்னார். எனக்கு வலித்தது அந்த விலை அன்று. செய்யாத வேலைக்கு அதைக் கொடுத்ததுதான்.

செய்யவில்லை என்பதற்கு ஃபைலே சாட்சி. நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கிய பென் டிரைவில் இருந்த படம் 2048க்கு 1365 பிக்சல்தான், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள் அவ்வளவுதான். அவர்களே எடுத்த மற்றப் படங்கள் 6000க்கு 4000. பதினெட்டு அங்குல அகலத்துக்கு அச்சிடும்போது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் 5400 வேண்டும். இங்கே 114கூட வரவில்லை. கேமராவின் பெயர், லென்ஸ், எடுத்த நேரம் என வழக்கமாக ஃபைலுக்குள் இருக்கும் குறிப்புகளும் துடைத்து எடுத்ததுபோல் இல்லை. யாரோ ஒருவருடைய கைபேசிக்குப் படத்தை அனுப்பி, முகத்தையும் சேர்த்துப் புதிதாக வரைந்துவிடும் ஏதோவொரு செயலியில் போட்டு எடுத்திருக்க வேண்டும் என்பது மைத்துனரின் ஊகம். பொட்டு வந்த வழியும் அதுவாகவே இருக்கலாம்.

பணம் போனால் போகிறது, அசல் படத்தையாவது கொடுங்கள் என்று கேட்டபோதுதான் பெரிய இடி விழுந்தது. மாற்றிய படத்தை அதே பெயரில், அதே ஃபோல்டரில் சேமித்திருந்ததால் அசல் அழிந்துவிட்டது. மெமரி கார்டைக் கேட்டேன். அதை அன்றே ஃபார்மட் செய்து, பிறகு வந்த முகூர்த்தங்களுக்கெல்லாம் பயன்படுத்திவிட்டார்களாம். ஃபார்மட் செய்தவுடன் என்றால் மீட்புச் செயலிகளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம், மேலே புதிய படங்கள் பதிந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. “இதுதான் சார் ஒரிஜினல், முன்னைவிட நல்லா இருக்கே” என்று உரிமையாளர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். திரும்பவும் அத்தையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டுமானால் 1,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். அந்தத் துணிச்சலை இன்றும் வியக்கிறேன்.

ஆகவே, இந்த வேலைக்குப் போகிறவர்கள் முதலில் அசல் ஃபைலை முழு அளவில் தங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது அசல் ஆகாது. அச்சுக்குப் போவதற்கு முன் திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்க விடுவார்களா, லேயர் கலையாத பிஎஸ்டி ஃபைலை, அதாவது ஃபோட்டோஷாப்பின் வேலை ஃபைலை, தருவார்களா என்று கேளுங்கள். கையால் செய்பவருக்கு அதைத் தருவதில் சிரமம் இராது. ரசீதில் வேலையின் விவரத்தை எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியபோது அவர்கள் முதலில் கேட்டதே ரசீதைத்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. என் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிரேம் போட்ட படத்தை அத்தையின் கண்ணில் படாமல் பரணில் வைத்திருந்தோம். மாசி மகத்துக்கு வந்தவர் எப்படியோ பார்த்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்பாவிடம், “பொட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது யாரு?” என்று கேட்டார்.

விசேஷத்தன்று இரவு, தேர்வுக்காக ஸ்டூடியோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருங்கிய பிரதி ஒன்று அம்மாவின் கைபேசியில் கிடந்தது. ஏழுக்கு ஐந்து அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கினால் முகங்கள் கலங்கிவிடுகின்றன. அந்த அளவிலேயே அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அதில் அத்தை ஓரத்தில்தான் நிற்கிறார், என் மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.