லாயத்தில் ஒரு கைப்பேசி ஈசிஜி: கார்டியா மொபைல் குதிரைக்கு ஆகுமா?

அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியா மொபைல், இதயத்தின் மின்துடிப்பை ஈசிஜியாகக் கைப்பேசியில் பதிய மனிதர்களுக்காகச் செய்த கருவி. இரண்டு உலோகத் தகடுகள், உள்ளே ஒரு சிஆர்2016 பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். ஆனாலும் சுங்கை பீசி பந்தயத் திடலிலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள சவாரிப் பள்ளிகளிலும் குதிரை பார்க்கும் சைஸ்களிடம் இது ஒன்று இருக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது, பல குதிரைகளில் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். டாக்டர் வந்து பார்க்கையில் துடிப்பு சீராகியிருக்கும். குதிரை ஏன் கடைசி நேரத்தில் தளர்ந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. ஓட்டம் முடிந்த கையோடு எடுத்த பதிவுதான் அந்தத் தடயம்.

வைக்கும் இடம்: இடப்பக்கம், முழங்கைக்குச் சற்றுப் பின்னால், கச்சை இறுகும் கோட்டில். கருவியை மேல்கீழாகப் பிடியுங்கள். உலர்ந்த முடியில் எதுவும் பதியாது. தகடு படும் இரு இடங்களிலும் ஸ்பிரிட் அல்லது அல்ட்ராசவுண்ட் ஜெல் தடவ வேண்டும். ஸ்பிரிட் சீக்கிரம் காய்ந்துவிடும், ஜெல் நிற்கும். நம் ஊர் வெக்கையில் வேறொரு சிக்கல் வரும்: வியர்வையோ ஜெல்லோ இரு தகடுகளையும் ஒரே ஈரமாக இணைத்துவிட்டால் அலை சிறுத்துப்போகும். நடுப்பகுதியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். பதிவு கைப்பேசிக்குப் போவது காதுக்கு எட்டாத மீயொலி வழியாக. அதனால் மைக்கை மூடும் உறையைக் கழற்றி, கைப்பேசியைக் கருவிக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். இதயத்தை ஆறு கோணங்களில் பதியும் ஆறு லீட் மாடல் புளூடூத்தில் இயங்கும், ஆனால் அதன் கூடுதல் தகடு மனிதக் காலுக்கானது. குதிரைக்கு அந்தச் செலவு வீண்.

ஆப் வழக்கமாக 30 வினாடி பதியும். ஓய்வில் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. 30 வினாடியில் பதினைந்து இருபது துடிப்புதான் கிடைக்கும், அது போதாது. அமைப்பில் போய் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஆப் சொல்லும் முடிவை மட்டும் நம்பவே வேண்டாம். அது மனித இதயத்துக்கு எழுதிய கணக்கு. நலமான குதிரையையும் துடிப்பு குறைவு என்று சொல்லும். பயிற்சி பெற்ற குதிரை ஓய்வில் இருக்கும்போது அடிக்கடி ஒரு துடிப்பை விடும். இரண்டாம் நிலை ஏவி பிளாக் எனப்படும் அது பெரும்பாலும் இயல்பானதே. அங்கே பி அலை (மேலறைத் துடிப்பின் சிறு அலை) இருக்கும், அதன்பின் க்யூஆர்எஸ் (கீழறைத் துடிப்பின் உயர்ந்த அலை) வராது; மேலறையின் மின்குறி கீழறைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். சற்று ஓட்டினால் மறைந்துவிடும். ஃபிப்ரிலேஷனில் பி அலையே இராது. அடிக்கோடு நடுங்கும், க்யூஆர்எஸ் இடைவெளியில் எந்த ஒழுங்கும் இராது. பிடிஎஃப் கோப்பை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மயக்கம் கொடுக்கும் முன் ஒரு பதிவு எடுப்பது நல்ல பழக்கம். குதிரையை அமைதிப்படுத்தும் டெட்டோமிடின், சைலசின் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அந்த மருந்துகளே துடிப்பைக் குறைத்து ஏவி பிளாக்கை உண்டாக்கும். பிறகு எது நோய், எது மருந்து என்று பிரிப்பது கடினம்.

மயக்கத்தில் கிடக்கும் குதிரைக்கு இதைக் காவல் வைக்காதீர்கள். அலாரம் கிடையாது, இரத்த அழுத்தம் தெரியாது. பெரிய குதிரைக்குத் தமனியில் நேரடியாக அழுத்தம் அளந்து, சராசரி 70 மிமீ பாதரசத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் எழும்போது தசை சிதைந்திருக்கலாம். ஃபிப்ரிலேஷனை நிறுத்தும் மின்னதிர்ச்சி சிகிச்சையிலும் இது உதவாது. அதில் கழுத்துச் சிரை வழியே ஒரு வடிகுழாயை வலது மேலறையிலும் மற்றொன்றை நுரையீரல் தமனியிலும் நிறுத்துவார்கள். அதிர்ச்சி ஆர் அலையோடு (க்யூஆர்எஸின் உச்சி) ஒத்துப்போக வேண்டும். அதன்பின் கீழறை மீளும்போது வரும் டி அலையில் விழுந்தால் கீழறை ஃபிப்ரிலேஷன் வந்து குதிரை செத்துப்போகலாம். அந்த ஒத்திசைவை, அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரமான டிஃபிப்ரிலேட்டரின் சொந்த ஈசிஜிதான் தர முடியும்.

பேஸர் கருவியின் மின்துடிப்பால் இதயத்தைச் சிறிது காலம் துடிக்கவைக்கும் தற்காலிக பேஸிங்கிலும் இதே நிலைதான். கார்டியா வினாடிக்கு 300 முறைதான் அளக்கிறது, அதாவது சுமார் 3.3 மில்லி வினாடிக்கு ஒருமுறை. பேஸர் துடிப்பு பெரும்பாலும் 2 மில்லி வினாடிக்கு மேல் நீளாது. ஈசிஜியில் அது கூர்முனையாகத் தெரிய வேண்டும்; அந்தக் கூர்முனை பதிவிலேயே விழாமல் போகலாம். ஒவ்வொரு கூர்முனைக்கும் பின்னால் க்யூஆர்எஸ் வருகிறதா என்று பார்த்துத்தான் பேஸரின் துடிப்பைக் கீழறை ஏற்றுத் துடித்ததை உறுதி செய்கிறோம். குதிரையைப் புரட்டும்போது இதயத்துக்குள் இருக்கும் பேஸர் கம்பி (லீட்) நகர்ந்து பிடி விட்டுப்போனால் இந்தத் திரையில் அது தெரியாது. தமனி அழுத்தக் கோடு சட்டென்று காட்டிவிடும்.