முட்டை நின்ற கோழிக்குக் கால்சியம் டானிக்: வாங்கலாமா?

கோழிகளுக்கென்று விற்கும் திரவ டானிக்குகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே சரக்குதான்: கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3, பி12. நோய் நொடி இல்லாமல் மேய்ந்துகொண்டிருக்கும் கோழி திடீரென்று முட்டையை நிறுத்திவிட்டால் பலரும் முதலில் வாங்குவது இந்தப் பாட்டிலைத்தான். பெரும்பாலும் வீண் செலவு. ஒரு சில இடங்களில் மட்டும் வேலை செய்யும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பது முழுவதும் உடம்பில் சேராது என்பதால் நாளைக்கு 4 கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதம் கால்சியம் உண்டு. கோழி 100 முதல் 120 கிராம் தின்றாலே தேவை தீர்ந்துவிடும். இப்போது பாட்டிலைத் திருப்பி, 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் என்று பாருங்கள். 2,000 என்று போட்டிருந்தால், 5 மில்லி குடித்த கோழிக்குக் கிடைப்பது 100 மில்லிகிராம். தேவையில் நாற்பதில் ஒரு பங்கு! ஒரு கைப்பிடி தீவனம் இதைவிட எத்தனையோ மடங்கு தரும்.

கால்சியம் குறைந்தால் முட்டை சட்டென்று நிற்பதும் அபூர்வம். முதலில் ஓடு மெலியும், சொரசொரப்பாகும், தோல்முட்டை விழும்; அதற்குப் பிறகுதான் முட்டை குறையும். கடைசியாகக் கிடைத்த முட்டைகளின் ஓடு கெட்டியாக இருந்ததா? அப்படியானால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே என்று தெரிந்துகொள்ள, பாட்டிலின் மூடியைத் திறக்கும் முன் கோழியைத் தூக்கிப் பாருங்கள். எச்சவாய் ஈரமாக, அகலமாக இருந்து, அதன் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு நுனிகளுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. புதரிலோ வைக்கோலிலோ ஒளித்து இடுகிறது, அல்லது முட்டையை ஏதோ ஒன்று தின்கிறது. எச்சவாய் சுருங்கி உலர்ந்து, ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் நிஜமாகவே நின்றுவிட்டது.

அப்படி நின்றதில் அதிகம் பேரை ஏமாற்றுவது இறகு உதிர்ப்பு. ஒரு வயது தாண்டிய கோழி வருடத்துக்கொரு முறை பழைய இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவைக்கும். 8 முதல் 12 வாரம்வரை ஆகும். இறகு பெரும்பாலும் புரதம். ஆகவே அந்தச் சமயத்தில் உடம்பு முட்டையைக் கைவிட்டு இறகைக் கவனிக்கிறது. இதற்குத் தேவை புரதம் கூடிய தீவனம், டானிக் அல்ல. மூன்றாவது மாதம் முட்டை தானாகத் திரும்பும்போது, அதுவரை ஊற்றிய பாட்டிலுக்குப் பெயர் கிடைத்துவிடும். இந்தச் சரக்கின் புகழில் பாதி இப்படி வந்ததுதான்.

அடுத்தது வெளிச்சம். பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் முட்டை குறையும், 14 முதல் 16 மணி நேரம் இருந்தால் நிலைக்கும். குறையும் வெளிச்சத்தை டைமர் வைத்த சின்ன பல்பே ஈடுகட்டிவிடும். விடியலுக்கு முன் எரியும்படி வையுங்கள். மாலையில் வைத்தால் விளக்கு சட்டென்று அணையும்போது கோழிகள் படுக்கைக் கட்டைக்கு ஏற முடியாமல் இருட்டில் தடுமாறும். வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டினால் போதும்.

அடை உட்கார்ந்த கோழியை டானிக் எழுப்பாது. தரை கம்பிவலையாக உள்ள, உயர்த்தி வைத்த கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும். இரவில் டார்ச் அடித்துப் படுக்கைக் கட்டையின் இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். செவ்வுண்ணி பகலில் அங்கே ஒளிந்து, இரவில் ரத்தம் குடிக்கும். வயதான கோழிக்கோ எந்தப் பாட்டிலும் இளமையைத் தராது.

அப்படியென்றால் டானிக் யாருக்கு? தானியம், தவிடு என்று வீட்டுக் கலவை போட்டு, வெயிலே படாத கூண்டில் வளர்ப்பவர்களுக்கு. உள்ளே போகும் கால்சியம் உடம்பில் சேர டி3 வேண்டும். பாட்டிலில் உருப்படியான பொருள் அதுதான். அப்போதும் கால்சியத்தைக் கிளிஞ்சல் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தில் கலக்க வேண்டாம். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். பொடியாக அரைத்தால் குடலில் விரைந்து ஓடிவிடும். துண்டாக இருந்தால் இரைப்பையில் தங்கி, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் மெல்லக் கரையும்.

வாங்கியே தீருவதென்றால், ஒரு வேளை குடிக்கும் தண்ணீரில் மட்டும் லேபிள் அளவில் கலந்து, மிச்சத்தை அன்றே கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். விட்டுவைத்தால் வழவழப்பு பிடிக்கும். ருசி பிடிக்காத கோழி தண்ணீரையே குறைக்கும். கடும் வெயிலில் அதனாலேயே முட்டை நின்றுவிடும். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளையும் விடைக்கோழிகளையும் (இளம் பெட்டைகள்) இந்தத் தண்ணீரிலிருந்து மட்டுமல்ல, முட்டைக்கோழித் தீவனத்திலிருந்தும் விலக்கி வையுங்கள். அந்த வயதில் 1 சதம் கால்சியமே போதும், மிகுந்தால் சிறுநீரகம் கெடும்.