மகனுக்குப் பதினோரு நாள் லீவு

எங்கள் மூத்தவன் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைப்பக்கம் மிஷனரியாக இருக்கிறான். நாங்கள் ஷார்ஜாவில். மூன்று வருஷமாக அவனுக்கு லீவு கிடைத்தால் எங்களுக்குக் கிடைக்காது, எங்களுக்குக் கிடைத்தால் அவன் மலையில் இருப்பான். இந்தத் தடவை பதினோரு நாள் ஒத்துவந்தது. அதனால் ஊரில் எந்த வசதி அவனோடு இருக்கும் நேரத்தைக் கூட்டித் தந்தது, எது பிடுங்கிக்கொண்டது என்பதுதான் என் கணக்காக இருந்தது. வளைகுடாவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கினோம். காரில் போனால் களியக்காவிளை தொடங்கி நாகர்கோவில் வரை பாதி நேரம் ஊர்ந்துதான் போக வேண்டும். நாங்கள் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்து, சாயங்காலம் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினோம். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஜன்னலில் காற்றாலைகள் தெரிந்தவுடனே எனக்கு ஊர் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வாரம் ஒருமுறை ஓடும் ஹவுரா-கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அவன் வந்தான். மலையிலிருந்து சாகிப்கஞ்ச், அங்கிருந்து ஹவுரா, அப்புறம் இரண்டு இரவு இந்த ரயில். வண்டி எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்க முடிந்ததால், தாமதமானாலும் தவிப்பு இல்லை. நெல்லை ஜங்ஷனில் இறங்கினவனைப் பார்த்து, "என்னல இப்படி மெலிஞ்சிட்ட?" என்றுதான் கேட்க வந்தது. அவன் செருப்பு வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. "மலையில தைக்க ஆள் கிடையாதும்மா" என்றான்.

அங்கே அவனுக்கு இரண்டு தடவை மலேரியா வந்திருக்கிறது. அதனால் மறுநாளே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். விரலில் குத்தி, கண்ணாடியில் ஒரு துளி ரத்தத்தைத் தடவி எடுத்தார்கள். காசு கிடையாது. மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. அந்த செவிலியர் அவனை உட்கார வைத்து, காய்ச்சல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டானா என்று நிதானமாகக் கேட்டார். அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எங்களை வாட்டியது போன் நம்பர்தான். என் வீட்டுக்காரரின் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தோம், நம்பர் போய்விட்டது. வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான். வங்கியில் நம்பரை மாற்றப் போனால், கணக்கு தொடங்கிய கிளைக்குப் போங்கள் என்றார்கள். அந்தக் கிளையில் ஒரு படிவம், அதற்கு ஒரு நகல், நகலில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு என்று திரும்ப அலைச்சல். பதினோரு நாளில் இரண்டு காலைப்பொழுது அங்கேயே போயிற்று. தயவுசெய்து ஊர் நம்பரை வளைகுடாவிலிருந்தே ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத் தேவாலயத்தில் ஆராதனை. 1826-ல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில். அன்று சாயங்காலம் எங்கள் கிராமத்துச் சபையில் இவன் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். அந்த மலையில் மால்தோ மொழி பேசும் பஹாடியா ஜனங்களைப் பற்றிச் சொன்னான். அது நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தமான திராவிட மொழி. கண்ணுக்குக் 'கனு' மாதிரி ஒரு சொல், பல்லுக்குப் 'பலு' மாதிரி ஒன்று. இதைக் கேட்டதும் பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் பல்லைத் தொட்டுச் சொல்லிப் பார்த்தார்கள்.

சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மிஷனரி ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் உண்டு. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியதே நம் ஜனங்களின் இந்த மாதிரிக் காணிக்கையை நம்பித்தான். கூட்டம் முடிந்ததும் ஒரு ஆச்சி வந்து, "நான் போட்ட அரிசி உன்கிட்ட வந்துச்சாய்யா?" என்று அவன் கன்னத்தைத் தடவினார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது அவனைச் சென்னை வரை கொண்டுவிட நினைத்தோம். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத், காலை ஆறு மணி வாக்கில் நெல்லையில் எடுத்து எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர் சேர்க்கிறது. ராத்திரி வண்டியில் போயிருந்தால் ஆளுக்கொரு படுக்கையில் தூங்கியிருப்போம். இதில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மதுரை, திருச்சி என்று பகலெல்லாம் பேசிக்கொண்டே போனோம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி தெரிந்ததும் போட்டுவிடுங்கள்.

சென்ட்ரலில் சாயங்காலம் ஹவுரா மெயில். பையில் மலைப் பிள்ளைகளுக்கு மூன்று கிலோ அல்வா, இரண்டு கொசுவலை. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டிருந்தேன். கம்பி கட்டிய பழையதையும் ஒரு தாளில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டான். மழையில் மலை ஏற அதுதான் வழுக்காதாம்.